முட்டைக் கூடைக்காகச் செய்த கார்



வாராவாரம் விதை, உரம், பூச்சிமருந்து என்று பேசுகிற ஆள் இன்றைக்குக் காரைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று யோசிப்பீர்கள். காரணம் இருக்கிறது. நான் காலேஜில் படித்தது தாவரவியல். என்ஜின் என் பாடம் இல்லை. ஆனாலும் எந்தக் கிராமத்துக்குக் கூட்டம் போடப் போனாலும், பயிர் விஷயம் முடிந்த கையோடு பேச்சு மெஷினுக்குத்தான் திரும்புகிறது. "பழைய வண்டியே தேவலை சார், நாமே கழட்டி நாமே மாட்டினோம். இப்ப வர்றதுல கையே வைக்க முடியல" என்ற பேச்சு கேட்காத ஊர் கிடையாது. இது வெறும் பழசின் மேல் உள்ள பாசமா, அல்லது அதில் விஷயம் ஏதாவது இருக்கிறதா? அதைப் பார்க்கத்தான், பிரான்சு தேசத்தில் குடியானவரை மனசில் வைத்தே செய்த ஒரு காரின் கதையை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

அந்தக் காரின் பெயர் சித்ரோயன் 2 சிவி. பிரெஞ்சுக்காரர்கள் 'தெ ஷெவோ' என்பார்கள். 'இரண்டு குதிரை' என்று அர்த்தம். அந்த நாட்டு வாகன வரிக் கணக்கில் அதற்கு இரண்டு குதிரை வகுப்பு, அதனால் வந்த பெயர். (இதே கம்பெனியின் இப்போதைய கார்கள் 2021 முதல் நம் திருவள்ளூர்ப் பக்கத்திலேயே தயாராகின்றன. ஆனால் அவை வேறு ஜாதி.)

1930-களில் பிரான்சில் ஏறக்குறைய பாதி ஜனம் கிராமத்தில் இருந்தது. குடியானவர்கள் சந்தைக்குக் குதிரை வண்டியில் போனார்கள், இல்லாவிட்டால் நடந்து போனார்கள். கார் என்பது டவுன் ஆசாமியின் சொத்து. 1934-ல் சித்ரோயன் கம்பெனி கடனில் மூழ்கியது. அதற்கு அதிகமாகக் கடன் கொடுத்திருந்த மிஷலின் டயர் கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. அப்போது நிர்வாகத்துக்கு வந்தவர் பியர் பூலான்ஜே. கார் இல்லாத அத்தனை கிராமத்து ஜனங்களும் காருக்கு ஆசைப்பட்டால் எப்படிப்பட்ட காரை வாங்குவார்கள் என்பதுதான் அவர் மனசில் இருந்த கேள்வி.

1936 வாக்கில் அவர் என்ஜினீயர்களிடம் கொடுத்த உத்தரவைக் கேளுங்கள். மரக்கட்டைச் செருப்புப் போட்ட குடியானவர் இரண்டு பேர் ஏற வேண்டும். கூடவே 50 கிலோ உருளைக்கிழங்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் போனால் போதும். 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோலுக்கு மேல் குடிக்கக் கூடாது. புதிதாக ஓட்டப் பழகுகிறவர்களும் ஓட்டும்படி இருக்க வேண்டும். விலை, கம்பெனியின் பெரிய காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கடைசி நிபந்தனைதான் பிரசித்தம்: ஒரு கூடை முட்டையை வைத்துக்கொண்டு உழுத வயலின் குறுக்கே ஓட்டினால் ஒரு முட்டைகூட உடையக் கூடாது. பார்வைக்கு எப்படி இருந்தாலும் கவலை இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

இதில் எத்தனை குதிரைத்திறன், எத்தனை சிலிண்டர், என்ன கலர் என்ற பேச்சே இல்லை பாருங்கள். ஏறுகிற ஆள், ஏற்றுகிற மூட்டை, போகிற பாதை, செலவாகிற பெட்ரோல். இந்த நாலையும் முதலில் எழுதி வைத்துவிட்டு, அதற்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று கேட்டார்கள். நம்மில் பலர் மெஷினை முதலில் வாங்கிவிட்டு அப்புறம் அதற்கு வேலை தேடுகிறோமே, அதற்கு நேர் எதிர் வழி.

வேண்டாததை எடுப்பது சுலபமான வேலை என்று நினைக்காதீர்கள். வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கனம் குறைக்க அலுமினியத் தகடு; மெல்லிய தகடு வளையாமல் இருக்க அதில் நெளி நெளியாக வரி. உட்கார, கூரையிலிருந்து கம்பியில் தொங்கும் ஊஞ்சல் மாதிரி சீட்டு. கூரைக்கு இரும்பு எதற்கு, கித்தான் போதும். முன்னால் இரண்டு விளக்கு எதற்கு, ஒன்று போதும்! பூலான்ஜே நல்ல உயரம். தொப்பியோடு மாதிரி வண்டிக்குள் ஏறி உட்காருவாராம். கூரையில் இடித்துத் தொப்பி விழுந்தால் அந்த மாதிரியைத் திருப்பி அனுப்பிவிடுவாராம்.

1939-ல் 250 வண்டி தயார். அக்டோபர் மாசம் பாரிஸ் கண்காட்சியில் காட்ட ஏற்பாடு. செப்டம்பர் 3-ம் தேதி பிரான்சு யுத்தத்தில் இறங்கியது. கண்காட்சி போயிற்று. ஜெர்மன்காரன் கைக்குப் போகக் கூடாது என்று பெரும்பாலான வண்டிகளை அழித்தார்கள். சிலதை மட்டும் மறைத்து வைத்தார்கள். அவற்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

யுத்தம் முடிந்தபோது அலுமினியம் விலை ஏறிப்போயிருந்தது. உடம்பை இரும்புத் தகட்டுக்கு மாற்றினார்கள். புது என்ஜின் செய்யும் வேலை வால்டர் பெக்கியா என்பவருக்கு. பூலான்ஜே மூன்று கியருக்கு மேல் சம்மதிக்கவில்லை. நாலாவது கியர் ஆடம்பரம் என்றார். சின்ன என்ஜினுக்கு நாலு கியர் அவசியம் என்பது பெக்கியாவின் கட்சி. அவர் நாலாவதை வைத்துவிட்டு, "இது கியர் இல்லை, சமவெளியில் என்ஜினுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்க ஒரு வசதி" என்கிற மாதிரி விளக்கம் சொல்லிச் சமாளித்தாராம். அதனால் முதல் வண்டிகளில் அந்த இடத்தில் நாலு என்று எழுதாமல் ஓர் எழுத்து மட்டும் போட்டிருந்தது. எதை எடுக்கலாம் என்று தெரிந்த முதலாளியும், எதை எடுக்கக் கூடாது என்று தெரிந்த தொழிலாளியும் சேர்ந்ததுதான் அந்த வண்டியின் அதிர்ஷ்டம் என்பேன்.

1948 அக்டோபரில் வண்டியைப் பாரிசில் காட்டினார்கள். பத்திரிகைக்காரர்கள் சிரித்தார்கள். தகர டப்பா என்றார்கள். டப்பாவைத் திறக்கிற கருவியும் கூடவே கொடுப்பீர்களா என்று ஓர் அமெரிக்கர் கேட்டதாகச் சொல்லுவாங்க. என்ஜின் 375 சி.சி., 9 குதிரைத்திறன்; இன்றைய மோட்டார் சைக்கிள் பல அதைவிடச் சக்தி உள்ளவை. ஆனால் ஜனங்கள் சிரிக்கவில்லை, வரிசையில் நின்றார்கள். 1949-ல் உற்பத்தி ஆரம்பித்தது. பதிவு செய்துவிட்டு மூன்று வருஷம், பிறகு ஐந்து வருஷம்கூடக் காத்திருக்க வேண்டிய நிலை வந்தது. புது வண்டியைவிட ஓடின வண்டிக்கு விலை அதிகம். காரணம், அது இன்றைக்கே கையில் கிடைக்கும். கம்பெனி முதலில் யாருக்குக் கொடுத்தது தெரியுமா? தொழிலுக்காக ஊர் ஊராகப் போக வேண்டியவர்களுக்கு. கிராமத்து டாக்டர், மாட்டு டாக்டர், மருத்துவச்சி, பாதிரியார், சிறு விவசாயி, இவர்களுக்குத்தான் முன்னுரிமை.

சரி, வண்டிக்குள் என்ன இருந்தது? அதைவிட, என்ன இல்லை என்று கேட்பதுதான் ருசி.

தண்ணீர் இல்லை. காற்றிலேயே குளிர்கிற என்ஜின். எனவே ரேடியேட்டர் இல்லை, வாட்டர் பம்ப் இல்லை, ரப்பர் ஹோஸ் இல்லை. ரேடியேட்டர் ஒழுகிற்று, ஹோஸ் வெடித்தது, குளிரில் தண்ணீர் உறைந்து பிளாக் விரிந்தது என்ற எந்த வம்பும் கிடையாது. ஹெட் காஸ்கெட் இல்லை. சிலிண்டரும் ஹெட்டும் நேராகப் பொருந்தி உட்காரும்படி கடைந்திருந்தார்கள். காஸ்கெட் போய் என்ஜின் படுத்து, அறுவடை நேரத்தில் கையைப் பிசைந்தவர்களுக்கு இதன் அருமை நான் சொல்ல வேண்டியதில்லை.

டிஸ்டிரிபியூட்டர் இல்லை. இரண்டே சிலிண்டர்தானே, ஒரே காயிலிலிருந்து இரண்டு பிளக்குக்கும் ஒரே நேரத்தில் பொறி போகும். ஒன்று வேலைக்கு, இன்னொன்று வீண். வீணாகப் போகிற பொறிக்குச் செலவு ஒன்றும் இல்லை. ஆனால் கெட்டுப் போகக்கூடிய ஒரு சாமானே வண்டியிலிருந்து போய்விட்டது. இந்த யோசனையை நான் ரொம்ப ரசித்தேன்.

பெட்ரோல் அளவு காட்டும் முள் இல்லை. டாங்கில் குச்சியை விட்டுப் பார்க்க வேண்டியதுதான், நாம் ஆயில் என்ஜினில் பார்க்கிற மாதிரி. மழைக்கு வைப்பர் உண்டு, அதற்கு மோட்டார் இல்லை. ஸ்பீடாமீட்டருக்குப் போகிற கேபிளே வைப்பரையும் ஆட்டும். வேகமாகப் போனால் வைப்பர் வேகமாக ஆடும், மெதுவாகப் போனால் மெதுவாக. வண்டி நின்றுவிட்டால்? உள்ளே ஒரு குமிழ் இருக்கும், கையால் திருப்ப வேண்டியதுதான். அடைமழையில் மலையேறுகிறவர் பாடு திண்டாட்டம்தான், மறைக்க முடியாது. கண்ணாடியை ஏற்றி இறக்கும் பல்சக்கரம் இல்லை; முன் கதவுக் கண்ணாடியின் கீழ்ப் பாதியை வெளியே மடித்து மேலே மாட்டிவிடலாம். கையை நீட்டி சிக்னல் காட்டவும் அதுதான் வழி.

கித்தான் கூரையைப் பாய் மாதிரி பின்னால்வரை சுருட்டிவிட்டால் உயரமான சாமானை நிற்க வைத்து ஏற்றலாம். சீட்டுகள் இரும்புக் குழாயில் ரப்பர் பட்டை கட்டினவை. தூக்கி வெளியே வைத்தால் மரத்தடியில் உட்கார நாற்காலி, உள்ளே மூட்டைக்கு இடம். கதவுகளைக் கீலிலிருந்து தூக்கி எடுக்கலாம். மட்கார்டு இடித்து நசுங்கினால் நாலைந்து போல்ட்டைக் கழற்றி வேறொன்று மாட்டலாம். ஜாக்கியைச் சுற்றவும், சக்கர நட்டைக் கழற்றவும், பாட்டரி போனால் என்ஜினைக் கையால் சுற்றி ஸ்டார்ட் செய்யவும் ஒரே கைப்பிடி. மூட்டை ஏற்றினால் பின்பக்கம் தாழ்ந்து முன்விளக்கு மரத்து உச்சியைப் பார்க்குமே, அதற்கும் உள்ளிருந்தபடியே விளக்கைக் குனிய வைக்க ஒரு திருகு இருந்தது.

இப்படி எல்லாவற்றிலும் சிக்கனம் பார்த்தவர்கள் ஒரே ஓர் இடத்தில் கையை இறுக்கவில்லை. சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள ஸ்பிரிங் ஏற்பாடு. முட்டைக் கூடை உத்தரவு ஞாபகம் இருக்கிறதல்லவா? ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஒரு நீண்ட கையின் நுனியில். வண்டியின் இரண்டு பக்கத்திலும் அடியில் படுத்த வாக்கில் ஓர் உருளை, அதற்குள் சுருள் ஸ்பிரிங். அந்தப் பக்கத்து முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே உருளையில் கம்பியால் பிணைப்பு. முன்சக்கரம் வரப்பில் ஏறும்போது அந்த உருளையே கொஞ்சம் முன்னால் நகர்ந்து பின்சக்கரத்துக் கையையும் இழுக்கும்; வண்டியின் பின்பக்கமும் சற்று உயரும். ஆக, மூக்கைத் தூக்காமல் தட்டையாகவே வரப்பைத் தாண்டும். தராசுத் தட்டுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். தவிர, என்ஜின் இழுப்பு முன்சக்கரத்தில். மாடு முன்னால் நின்று இழுக்கிறதே தவிர பின்னால் நின்று தள்ளுவதில்லை. சேற்றில் அதே நியாயம்தான் இந்த வண்டிக்கும்.

1951-ல் இதையே பின்னால் பெட்டி வைத்த சரக்கு வண்டியாகவும் செய்தார்கள். 250 கிலோ ஏற்றலாம். தபால்காரரும் ரொட்டிக்காரரும் காய்கறிக்காரரும் அதில்தான் ஊர் சுற்றினார்கள். பாலைவனத்துக்காக, 1960-களில், முன்னால் ஒரு என்ஜின் பின்னால் ஒரு என்ஜின் என்று இரட்டை என்ஜின் வைத்து நாலு சக்கரத்தையும் இழுக்கும் வண்டி ஒன்றும் வந்தது. அதில் சுமார் 700 மட்டுமே செய்தார்கள்.

எத்தனை தூரம் தாங்கும் என்பதற்கு ஒரு கதை. 1958-ல் ஜாக் செகேலா, ஜான் குளோத் போதோ என்ற இரண்டு பிரெஞ்சு இளைஞர்கள் இந்த வண்டியில் உலகத்தைச் சுற்றக் கிளம்பினார்கள். ஒரு லட்சம் கிலோமீட்டர் சுற்றி 1959-ல் வீடு திரும்பினார்கள். தென் அமெரிக்காவில் சிலி நாட்டுப் பாலைவனத்தில் கியர் பெட்டி எண்ணெய் முழுக்க ஒழுகிவிட்டது. பக்கத்தில் கடை ஏது, கண்ணி ஏது? வாழைப்பழத்தைப் பிசைந்து கியர் பெட்டிக்குள் திணித்து வண்டியை ஓட்டிக்கொண்டு போய் ஊர் சேர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து நம்ம டிராக்டரில் யாரும் பரீட்சை பண்ணிப் பார்க்க வேண்டாம்.

இதுவரை ஒரு பக்கம். மறுபக்கத்தையும் சொன்னால்தான் நியாயம். முதல் வண்டிகள் மணிக்கு 65 கிலோமீட்டரே போகும். மேட்டில் பின்னால் வருகிறவன் திட்டிக்கொண்டே வர வேண்டும். உள்ளே சத்தம். சட்டம் துருப்பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மெல்லிய தகடு. பெரிய வண்டி மோதினால் உள்ளே இருப்பவருக்குப் பாதுகாப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சீட்டுப் பட்டையும் முன்னால் நசுங்கிக் கொடுத்து ஆளைக் காக்கிற உடம்பும் பிற்காலத்தில் வந்த நல்ல காரியங்கள். 'அந்தக் காலத்து வண்டி கெட்டி' என்று நாம் சொல்லும்போது இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எல்லாம் வீட்டிலேயே பிரித்து மாட்டலாம் என்பதும் முழு உண்மை இல்லை. பாயிண்ட் பெட்டியை என்ஜின் காற்றாடிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்கள். அதைத் தொட வேண்டுமானால் காற்றாடியைக் கழற்ற வேண்டும். கிராங்க் ஷாப்ட் இன்னும் விசேஷம். கனெக்டிங் ராடு முழு வளையமாக, போல்ட்டே இல்லாமல் இருக்கும். பாகங்களைக் கடுங்குளிரில் சுருங்கச் செய்து ஒன்றோடொன்று அழுத்திப் பொருத்தியது தொழிற்சாலை. ரொம்ப நாள் உழைக்கும். ஆனால் போய்விட்டால் எந்தப் பட்டறையிலும் பிரிக்க முடியாது, மொத்தமாக மாற்ற வேண்டியதுதான். கஷ்டமான வேலையைத் தொழிற்சாலையில் ஒரே தடவையாக முடித்துவிட்டு, அடிக்கடி வருகிற வேலையை மட்டும் சொந்தக்காரர் கைக்கு விட்டார்கள். இந்தப் பங்கீடு எனக்கு நியாயமாகப் படுகிறது.

என்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கினார்கள். 1970-ல் 602 சி.சி. வந்தது. வேறு புது மாடல்கள் வந்ததும் விற்பனை இறங்கியது. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை ஏறியதும் ஜனங்கள் மறுபடியும் இந்தத் தகர டப்பாவைத் தேடி வந்தார்கள். கடைசியில் பாதுகாப்பு விதி, புகை விதி, பழைய தொழிற்சாலையின் கூலிச் செலவு எல்லாம் சேர்ந்து நெருக்கின. 1988-ல் பாரிசுப் பக்கத்துத் தொழிற்சாலையை மூடினார்கள். 1990 ஜூலை 27-ம் தேதி போர்த்துகல் நாட்டில் கடைசி வண்டி வெளியே வந்தது. கார் மட்டும் 38 லட்சத்துக்கு மேல். சரக்கு வண்டி முதலியவற்றையும் சேர்த்தால் சுமார் 51 லட்சம்.

இன்றும் அந்த வண்டிகள் ஓடுகின்றன. துருப்பிடிக்காதபடி துத்தநாகம் பூசிய புதுச் சட்டமே தனியாகச் செய்து விற்கிறார்கள். பழைய என்ஜினை அதன் மேல் தூக்கி வைத்துவிடலாம்.

இந்த ஆசை கார்க்காரர்களோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் 2019-ல் நடந்த ஓர் ஏலத்தில், 1979-ல் செய்த டிராக்டர் ஒன்று 61,000 டாலருக்குப் போயிற்று. நாற்பது வயசு டிராக்டருக்கு இந்த விலையா? அது அதிகம் ஓடாத வண்டி என்பது ஒரு காரணம். அதில் கம்ப்யூட்டர் இல்லை என்பது இன்னொரு காரணம். புது டிராக்டரில் ஒரு சென்சார் போனால் வண்டி நின்றுவிடும். என்ன கோளாறு என்று பார்க்கிற சாப்ட்வேர் டீலரிடம்தான் இருக்கும். அவர் ஆள் வரும்வரை சோளம் வயலில் நிற்கும். அந்த நாட்டு விவசாயிகள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். 2023-ல் கொலராடோ மாநிலம் ஒரு சட்டம் போட்டது: விவசாய மெஷின் செய்கிற கம்பெனிகள் ரிப்பேர் புத்தகம், கருவி, உதிரிபாகம், சாப்ட்வேர் எல்லாவற்றையும் விவசாயிக்கும் வெளிப்பட்டறைக்கும் கொடுத்தாக வேண்டும். 2024 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது.

நம் நாட்டிலும் 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்குக் கடுமையான புகை விதி வந்துவிட்டது. அதற்காகத்தான் அந்த ரக வண்டிகளில் டீசல் பம்பின் வேலை எலக்ட்ரானிக்ஸ் கைக்குப் போயிருக்கிறது. புகை குறைவது நம்ம பிள்ளைகளின் நெஞ்சுக்கு நல்லது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாங்கப் போகும்போது கடனுக்கு வட்டி எவ்வளவு, தவணை எத்தனை என்பதோடு விட்டுவிடாதீர்கள். எந்த வேலையை நானே செய்துகொள்ளலாம், எதற்கு உங்க மெக்கானிக் வர வேண்டும், அவர் வர எத்தனை நாள் ஆகும், கோளாறு பார்க்கும் கருவி எங்க ஊர்ப் பட்டறைக்குக் கிடைக்குமா என்று டீலரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்றுகிற மூட்டையையும் போகிற பாதையையும் அவருக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

யுத்த காலத்தில் ஒளித்து வைத்த வண்டிகளைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? பாரிசுக்கு மேற்கே லா பெர்த்தே விதாம் என்ற ஊரில் கம்பெனிக்குச் சோதனைத் திடல் ஒன்று இருந்தது. அங்கே ஒரு களஞ்சியத்தின் பரண்மேல், 1994-ல், 1939-ம் வருஷத்து மாதிரி வண்டிகள் மூன்று கிடைத்தன. அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே கிடந்திருக்கின்றன. நெளித் தகடு, கித்தான் கூரை, முன்னால் ஒற்றை விளக்கு. இறக்கியவர்கள் அவற்றுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கவில்லை. கிடைத்த கோலத்திலேயே தூசியோடு வைத்திருக்கிறார்கள்.